தேக்கில் கணு வந்தால் மோட்டார் என்ன செய்யும்? ஸ்டெப்பர், குளோஸ்டு லூப், சர்வோ: ஓர் ஒப்பீடு

கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரௌட்டரில் ஓட்டிய கதவு அது. மேல்பாதியில் கொடியும் இலையும் கச்சிதமாக இருந்தன. நடுத் தாமரைக்குக் கீழே ஓர் இதழ் மட்டும் இரண்டாகப் பிளந்ததுபோல் தெரிந்தது. அங்கிருந்து கீழே எல்லாமே பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன்: 0.38 மி.மீ. இன்னும் கீழே மறுபடி ஒரு நகர்வு, அங்கே மொத்தம் 0.75. ஆறு மணி நேரம் ஓடிய வேலை. பழைய வீட்டின் உத்தரத்தில் இருந்து அறுத்தெடுத்த தேக்கு என்பதால் மாற்றுப் பலகையும் கிடையாது.

"தம்பி, காலையில ஓட்டுன கதவு சரியாத்தானுங்க இருக்கு. சாயங்காலம் ஓட்டுனா மட்டும் ஏனுங்க இப்படி?" என்று ஆசாரி கேட்டார். பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. எனக்கு அது பிடிபட இரண்டு நாள் ஆனது. அதற்குள் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "ஸ்டெப்பரைத் தூக்கிப் போட்டுட்டு சர்வோ போடுங்க."

ஸ்டெப்பர் என்பது கேட்ட எண்ணிக்கைக்கு அடி அடியாகச் சுழலும் மோட்டார். சர்வோ தன் இடத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டு ஓடும் மோட்டார். அந்த யோசனை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அச்சுக்கு (இயந்திரம் நகரும் ஒரு திசைக்கு) இரண்டு மூன்று மடங்கு செலவு செய்யும் முன், சுமை மாறும்போது ஸ்டெப்பர் மோட்டார் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் மூன்று வழிகளில் எது உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

கணக்குக்காக இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 4க்கு 8 அடி மர ரௌட்டர். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலைத் தாங்கி குறுக்கே ஓடும் வண்டி, மேலும் கீழும் நகரும் இசட் அச்சையும் சேர்த்து, சுமார் 45 கிலோ. அதை இழுப்பது ஒரே ஒரு நெமா 23 அளவு ஸ்டெப்பர். தாங்கு முறுக்குவிசை 3 நியூட்டன் மீட்டர், காயிலில் மின்னோட்டம் ஏறுவதைத் தாமதிக்கும் இன்டக்டன்ஸ் 6 மில்லிஹென்றி. 1.5 மாட்யூல் ரேக் (பல் வெட்டிய பட்டை), அதில் உருளும் 20 பல் பினியன், இடையில் பெல்ட்டில் 1:5 குறைப்பு. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 18.85 மி.மீ நகரும்.

ஸ்டெப்பருக்குச் சுமை எவ்வளவு என்று தெரியாது. மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர் காந்தப்புலத்தைச் சுழற்றுகிறது. மோட்டாருக்குள் சுழலும் பகுதியான, 50 பல் கொண்ட ரோட்டார் அதன் பின்னால் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமையே இல்லாவிட்டால் ரோட்டார் புலத்தோடு ஒட்டி நிற்கும். சுமை ஏற ஏற பட்டை நீளும், ரோட்டார் பின்தங்கும். பின்தங்கினால்தான் முறுக்குவிசையே பிறக்கிறது. உச்ச விசையில் பாதியைச் சுமை கேட்டால் ரோட்டார் 0.6 பாகை பின்தங்கி நிற்கும். நம் ரேக்கில் அது 0.03 மி.மீ. மரவேலைக்கு ஒன்றுமில்லை, வார்ப்பு அச்சு செதுக்குபவருக்கு இது பெரிய எண்.

ஒரு ஸ்டெப்பைப் பல துண்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் வைத்தால் துல்லியம் கூடும் என்று நம்புகிறவர்களும் இந்தப் பட்டையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 16 மைக்ரோஸ்டெப் வைத்தால், ஒரே ஒரு மைக்ரோஸ்டெப் நகர்வு உண்டாக்கும் விசை உச்சத்தில் 10 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் அந்த ஒரு பல்ஸுக்கு (ஒரு மைக்ரோஸ்டெப் நகரச் சொல்லும் சிக்னலுக்கு) வண்டி அசையாது. இரண்டு, மூன்று பல்ஸ் சேர்ந்த பிறகுதான் நகரும். மைக்ரோஸ்டெப் தருவது மென்மையான ஓட்டம். சுமையின் கீழ் துல்லியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

பட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு முழு ஸ்டெப், அதாவது 1.8 பாகை, பின்தங்கும்போது விசை உச்சம் தொடுகிறது. அதற்கு மேல் சுமை தள்ளினால் விசை குறையத் தொடங்கி, ரோட்டார் நழுவி, அடுத்த பல்லின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பல் என்றால் நான்கு முழு ஸ்டெப், 7.2 பாகை. அதனால்தான் பாரம் தாங்காமல் நழுவும் ஸ்டெப்பர் எப்போதும் 7.2 பாகையின் மடங்குகளில்தான் நழுவும். ஒன்றிரண்டு மைக்ரோஸ்டெப் நழுவுவது என்பதே கிடையாது. நம் ரேக்கில் 7.2 பாகை என்பது 0.377 மி.மீ. கதவில் நான் அளந்த 0.38, 0.75 இரண்டும் அதுதான்: முதல் இடத்தில் ஒரு பல், இரண்டாம் இடத்தில் இன்னொரு பல்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் இயந்திரத்துக்குப் போட்டு, மின் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. 5 மி.மீ பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ நகர்த்தும்) பால் ஸ்க்ரூ நேரடியாக இணைந்திருந்தால் அந்த எண் 0.1 மி.மீ. வேலையில் தெரியும் நகர்வு அந்த எண்ணின் மடங்காக இருந்தால் மோட்டார் சுமையில் நழுவியிருக்கிறது. மடங்கில் அடங்காமல் வேலை ஓட ஓட மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் பல்ஸ் சிக்னலில் கோளாறு: திசை மாற்றும் சிக்னலுக்கும் பல்ஸுக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது ஸ்பிண்டில் கேபிளின் இரைச்சல் உள்ளே வருகிறது. மடங்கும் இல்லை, ஒழுங்கும் இல்லை என்றால் தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கையும், பினியனைத் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூவையும் பாருங்கள். கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருப்பதற்காக சர்வோ வாங்கினால், சர்வோவும் அதே கதவைத்தான் கெடுக்கும்.

சரி, நம்முடையது சுமையில் நழுவியது உறுதி. ஆனால் 3 நியூட்டன் மீட்டர் மோட்டார் ஏன் நழுவ வேண்டும்?

பெயர்ப்பலகையில் இருக்கும் 3 நியூட்டன் மீட்டர் நின்ற நிலைக்கான எண். ஓடும்போது கதை வேறு. வண்டி நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் போனால் மோட்டார் 955 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 955 சுற்று). அந்த வேகத்தில் ஒவ்வொரு காயிலிலும் மின்னோட்டம் வினாடிக்கு கிட்டத்தட்ட 800 முறை ஏறி இறங்கித் திசை மாற வேண்டும். ஒரு முறை ஏறக் கிடைக்கும் நேரம் சுமார் 0.3 மில்லிவினாடி. 66 வோல்ட் கொடுத்தால், 6 மில்லிஹென்றி காயிலில் அந்த நேரத்துக்குள் அதிகபட்சம் 3.4 ஆம்பியர்தான் ஏறும். மோட்டார் எதிர்பார்ப்பது 4.2. சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை. கழித்தால் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட மோட்டாரிடம் அந்த வேகத்தில் 0.7 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் அதிகம்.

இப்போது ஆசாரியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பேனலில் இருந்தது டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் எதுவும் அதில் இல்லை. காலையில் லைனில் 225, 230 வோல்ட் இருக்கும்போது டிசி பக்கம் 66 வந்தது. மாலையில் சுற்றியுள்ள பட்டறைகளும் வீடுகளும் சேர்ந்து லைன் 190க்கு இறங்கும்போது அது 56 ஆனது. மெதுவாக ஓடும்போது இதனால் எந்த மாற்றமும் தெரியாது, ஏனென்றால் டிரைவர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அளவோடு வைத்துக்கொள்கிறது. வேகத்தில் ஓடும்போது மட்டும் அந்த 3.4 ஆம்பியர் 2.9க்கு இறங்கிவிடும். விசையும் கூடவே இறங்கும்.

கேட்கும் பக்கத்தைப் பாருங்கள். வண்டியின் வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 2 மீட்டர் கூட்டும் வீதத்தில் முடுக்க 90 நியூட்டன். ரோட்டாரின் சொந்த நிலைமத்தை முடுக்க இன்னும் ஒரு 18. உராய்வு ஏறக்குறைய 40. வெட்டும் விசை சாதாரண இடத்தில் 30, 40. கணுவில் கட்டர் நுழைந்தால் ஒரு நொடியில் அது பல மடங்கு. மோட்டார் காலையில் தரக்கூடியது சுமார் 230 நியூட்டன். மாலையில் 195. காலையில் கணுவைத் தாண்டிப் போன அதே நிரல் மாலையில் தாமரை இதழில் தடுக்கி விழுந்தது. கணு காலையிலும் இருந்தது. மேலே இருந்த கூரைதான் மாலையில் தாழ்ந்துவிட்டது.

அதனால் முதல் வழியாக நான் வைப்பது, இருக்கும் ஓப்பன் லூப் ஸ்டெப்பரையே, அதாவது ரோட்டார் எங்கே இருக்கிறது என்று டிரைவர் திரும்பிப் பார்க்காத ஸ்டெப்பரையே, சரியாக ஓட்டுவது. இதை ஒரு தேர்வாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. வோல்டேஜ் மாறாத எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போடுவது, முடுக்கத்தைக் குறைப்பது, இன்டக்டன்ஸ் குறைந்த மோட்டாருக்கு மாறுவது என்று இதில் மூன்று உத்தி இருக்கிறது. இன்டக்டன்ஸின் மில்லிஹென்றி எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு 32ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு ஏற்ற வோல்டேஜ் கிடைக்கும் என்று சிஎன்சி கட்டுபவர்களிடையே ஒரு விதி உண்டு. 6 மில்லிஹென்றிக்கு அது 78 வோல்ட். நாங்கள் கொடுத்தது 66, மாலையில் 56. 3 மில்லிஹென்றி மோட்டாருக்கு 55 போதும். அதே அளவு மோட்டாரில் இன்டக்டன்ஸ் பாதியானால் அதிவேகத்தில் கிடைக்கும் விசை ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு ஆம்பியர் கூடுதலாகத் தரும் டிரைவர் வேண்டும், அவ்வளவுதான்.

முடுக்கத்தைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. 2இல் இருந்து 1.2க்கு இறக்கினால் 40 நியூட்டனுக்கு மேல் மிச்சம், அது அப்படியே கணுவுக்கான சேமிப்பு. வேலை நேரம் கொஞ்சம் நீளும். ஆறு மணி நேர வேலையை ஐந்தரை மணி நேரத்தில் தொலைப்பதைவிட அது மேல்.

இந்த வழி எதற்குப் போதும்? பிளைவுட், எம்டிஎஃப் ஜாலி, எழுத்துப் பலகை: அதாவது மரம் ஒரே சீராக இருந்து, வெட்டும் ஆழமும் மாறாத வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். கணக்கில் வரும் அதிகபட்ச சுமை, அந்த வேகத்தில் மோட்டார் தரும் விசையில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் பெரிய குறை ஒன்றே: நழுவினால் யாருக்கும் சொல்லாது. டிரைவருக்கும் தெரியாது, நிரலை ஓட்டும் கன்ட்ரோலருக்கும் தெரியாது. திரையில் எண்கள் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். சிறிய குறைகளும் உண்டு. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். வினாடிக்கு ஒரு சுற்றுக்கும் கீழான வேகங்களில் அதிர்வு எழும். விசித்திரமாக, சுமை குறைவாக இருக்கும்போதுதான் அது அதிகம், ஏனென்றால் உராய்வு அதிர்வை அடக்கிவிடும். மேசையில் தனியாக வைத்து ஓட்டிப் பார்த்து "இந்த மோட்டார் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி குளோஸ்டு லூப் ஸ்டெப்பர். அதே வகை மோட்டார், பின்னால் சுழற்சியை அளக்கும் ஓர் என்கோடர். ரோட்டார் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிவதால், பட்டை அறுந்துபோகும் நிலைக்கு அது விடுவதில்லை. உச்ச விசை தரும் கோணத்திலேயே புலத்தைப் பிடித்துவைத்து, சுமை தணிந்ததும் வண்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எல்லாத் தயாரிப்புகளும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. ஜப்பானின் ஓரியண்டல் மோட்டார் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டெப், விலகல் 1.8 பாகைக்குள் இருக்கும்வரை சாதாரண ஸ்டெப்பராகவே ஓடி, அதைத் தாண்டினால் மட்டும் குளோஸ்டு லூப்புக்கு மாறுகிறது. சந்தையில் அதிகம் கிடைக்கும் மற்றவை எப்போதும் என்கோடரைப் பார்த்துக்கொண்டே, சுமைக்கு ஏற்ற அளவுக்குத்தான் மின்னோட்டம் எடுக்கின்றன. மோட்டார் சூடு தெளிவாகக் குறைவதை கை வைத்தாலே உணரலாம்.

விற்பவர்கள் சொல்லாத இரண்டு விஷயங்களில் கொஞ்சம் நிற்கிறேன்.

என்கோடர் விசையைக் கூட்டாது. 955 ஆர்பிஎம்மில் காயிலுக்குக் கிடைக்கும் 0.3 மில்லிவினாடி குளோஸ்டு லூப்பிலும் அதேதான். கிடைப்பது வேறு லாபம்: நழுவும் பயத்துக்காக நாம் ஒதுக்கிவைத்த பாதி விசையையும் துணிந்து பயன்படுத்தலாம். ஆனால் சுமை கூரையைத் தொட்ட கணத்தில் வண்டி பின்தங்கத்தான் செய்யும். பிறகு வந்து சேரும் என்றாலும், இடைப்பட்ட நேரத்தில் கட்டர் தவறான இடத்தில் மரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவு மழுங்கும். மீதிக் கதவு பிழைத்துக்கொள்ளும். அதுவே பெரிய விஷயம்தான்.

இன்னொன்று அலாரம். பின்தங்கல் ஒரு வரம்பைத் தாண்டினால் டிரைவர் அலாரம் அடித்து மோட்டாரை விட்டுவிடும். அந்த அலாரம் வயரை கன்ட்ரோலரோடு இணைக்காமல் விட்ட இயந்திரங்களை நான் எண்ணிச் சொல்ல முடியாது. இணைக்காவிட்டால் ஒரு அச்சு செத்துக் கிடக்க, மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். ஓப்பன் லூப்பில் 0.38 மி.மீ நகர்ந்த கதவு, இங்கே நடுவில் ஒரு நேர்க்கோட்டுப் பள்ளத்தோடு விறகாகிவிடும். வரம்பின் எண்ணையும் பாருங்கள். 1000 கோடு என்கோடர் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை தரும். வரம்பு 1000 என்று வைத்திருந்தால் அது கால் சுற்று. நம் ரேக்கில் 4.7 மி.மீ. அவ்வளவு தூரம் விலகும்வரை டிரைவர் வாய் திறக்காது. 100க்கு இறக்கினால் அரை மில்லிமீட்டருக்குள் நிற்கும். முடுக்கும்போது இயல்பாக வரும் பின்தங்கலே அலாரத்தைத் தூண்டினால், வரம்பைக் கூட்டாமல் முடுக்கத்தைக் குறையுங்கள்.

என்கோடரே இல்லாமல் காயிலின் எதிர் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சுமையை மதிப்பிடும் சிப்புகளும் உண்டு. டிரினாமிக்கின் டிஎம்சி2130 அப்படிப்பட்டது. 2017இல் வந்த புரூசா எம்கே3 முப்பரிமாண பிரின்டர் அதை வைத்துத்தான் தலை எதிலாவது இடித்துவிட்டதா என்று கண்டுபிடித்தது. சிறிய இயந்திரங்களுக்கு அழகான தீர்வு. மிக மெதுவாக ஓடும்போது எதிர் மின்னழுத்தமே போதிய அளவு எழாது என்பதால், மரத்தில் நின்று நிதானித்து வெட்டும் வேலைக்கு அதை நம்ப மாட்டேன்.

மூன்றாவது, ஏசி சர்வோ. 400 வாட் சர்வோவின் பெயர்ப்பலகையில் 1.27 நியூட்டன் மீட்டர் என்றிருக்கும். 3 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் பக்கத்தில் வைத்தால் ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் அந்த 1.27 என்பது 3000 ஆர்பிஎம் வரை விடாமல் கிடைப்பது. கண நேரத்துக்கு மூன்று மடங்கு வரை தரும். 1:10 குறைப்பில் நம் பினியனுக்கு வைத்தால், குறைப்பின் இழப்பைக் கழிக்காமல், தொடர்ந்து 850 நியூட்டன் அளவுக்கும் கணுவில் ஒரு கணம் அதைவிட மூன்று மடங்குக்கும் கிடைக்கும். 18 மீட்டர் வேகத்தில் ஸ்டெப்பர் தரும் 230க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். திடீரென்று எகிறும் சுமைக்கென்றே செய்த மோட்டார் என்று சொல்லலாம். குறைப்பை மாற்றாமல் ஸ்டெப்பர் இருந்த இடத்தில் அப்படியே சர்வோவை மாட்டுகிறவர்கள் இந்த லாபத்தில் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

சர்வோவுக்குச் சிக்கல் தருவது வேறு வகை மாற்றம்: நிலைமம் மாறுவது. தூண் கடையும் சுழல் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளத்தில் 100 மி.மீ விட்டமுள்ள மரத்துக்கும் 200 மி.மீ மரத்துக்கும் எடை நான்கு மடங்குதான் வித்தியாசம். சுழற்சி நிலைமமோ 16 மடங்கு. மெல்லிய மரத்துக்கு டியூன் செய்த (அதற்கேற்ப வேகமாகத் திருத்திக்கொள்ளும்படி அமைத்த) சர்வோ தடித்த மரத்தில் ஊசலாடும். தடித்ததற்குச் செய்தால் மெல்லியதில் சீறும். மரம் கடையக் கடைய மெலிவதால், ஒரே வேலைக்குள்ளேயே இந்த மாற்றம் நடக்கிறது. ஸ்டெப்பருக்கு டியூனிங் என்ற தலைவலி இல்லை. சுழல் அச்சில் வேகமும் குறைவு. 1:10 குறைப்போடு ஒரு ஸ்டெப்பரை வைத்தால் அந்த 16 மடங்கு வித்தியாசம் மோட்டாரின் கண்ணுக்கு நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த அச்சுக்கு நான் இன்றும் ஸ்டெப்பர்தான் சொல்கிறேன், யார் காசு கொடுத்தாலும்.

இசட் அச்சைத் தனியாகப் பார்க்க வேண்டும். புடைப்பு வேலைப்பாட்டில் அதிகம் உழைப்பது அதுதான். ஒவ்வொரு இலை நரம்புக்கும் ஏறி இறங்குகிறது. 5 மி.மீ பிட்ச் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 6 மீட்டர் கேட்டால் 1200 ஆர்பிஎம். ஸ்டெப்பருக்கு மூச்சு முட்டும் இடம். 10 மி.மீ பிட்ச்சுக்கு மாற்றினால் 600 ஆர்பிஎம் போதும். 15 கிலோ ஸ்பிண்டில் தொகுதியைத் தாங்கத் தேவையான விசை 0.13இல் இருந்து 0.26 நியூட்டன் மீட்டருக்கு ஏறும். ஆனால் வேகம் பாதியானதால் மோட்டாரிடம் கிடைக்கும் விசை அதைவிட அதிகமாகக் கூடும். கைக்குக் கிடைக்கும் சுலபமான லாபம் இது. பதிலுக்கு ஒரு ஆபத்து: கரன்ட் போனால் ஸ்பிண்டில் இறங்கி பிட் மரத்தில் குத்தும். பிரேக் உள்ள மோட்டார் வேண்டும். புடைப்பு வேலையே பிழைப்பு என்றால் இசட்டுக்கு மட்டும் பிரேக்கோடு சர்வோ போடுங்கள்; மூன்று அச்சுக்கும் செய்ய வேண்டிய செலவை இந்த ஒன்றில் செய்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அந்தக் கதவு இயந்திரத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். காரணம் பிடிபட்ட அன்றே முடுக்கத்தை 1.2க்கு இறக்கி, டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போட்டேன். மாலை நேர நழுவல் அன்றோடு நின்றது. தேக்கில் கணு எங்கே ஒளிந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதால், அடுத்த மாதம் குறுக்கு அச்சுக்குக் குளோஸ்டு லூப் மாற்றினோம். இசட்டில் 10 மி.மீ ஸ்க்ரூவும் பிரேக் உள்ள சர்வோவும் வந்தது. வண்டியைச் சுமக்கும் பாலமான கேன்ட்ரியை நீளவாக்கில் இழுக்கும் இரண்டு மோட்டார்களையும் தொடவில்லை. அங்கே வேகம் குறைவு, கையிருப்பு விசை நிறைய.

கெட்டுப்போன கதவை ஆசாரி உளியால் சரிசெய்தார். நகர்ந்த இடத்தில் இதழ்களை மடித்துவிட்டதுபோல் செதுக்கி, தாமரைக்கு ஒரு வரிசை இதழ் கூடுதலாக வைத்தார். நான்கு நாள் வேலை. கூலி என் கையிலிருந்து போனது.

குளோஸ்டு லூப் போட்ட பிறகு ஒரு சோதனையை விடாமல் செய்கிறேன். ஸ்பிண்டிலை நிறுத்தி, வண்டியை நிமிடத்துக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மறிப்பேன். டிரைவரில் சிவப்பு விளக்கு எரிந்து, அதே கணத்தில் மற்ற அச்சுகளும் நின்று, திரையில் அலாரம் வர வேண்டும். மூன்றும் வந்த பிறகுதான் மேசையில் தேக்குப் பலகை ஏறும்.